அப்பாவின் காரை மாற்ற நினைக்கும் பிள்ளைகளுக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு மடல்

வணக்கம்.

கனடாவிலும் லண்டனிலும் கொழும்பிலும் இருந்துகொண்டு, திருகோணமலை வீட்டு வாசலில் நிற்கும் அப்பாவின் காரை நினைத்துக் கவலைப்படும் பிள்ளைகளுக்கு, இந்த ஊரில் கார் திருத்துவதைத் தொழிலாகக் கொண்ட நாங்கள் இதை எழுதுகிறோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதன் பிறகு, "பழையதைக் குடுத்துப்போட்டு அப்பாவுக்கு ஒரு ஹைபிரிட் எடுத்துக் குடுக்கட்டா?" என்று கேட்கும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். எண்ணம் நல்லது. ஆனால் காசு அனுப்புமுன் அந்தக் காரையும் அதை ஓட்டுபவரையும் ஒருமுறை ஒழுங்காகப் பார்க்கவேண்டும். பெரும்பாலான வீடுகளில் யாரும் பார்ப்பதில்லை.

எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள். நம் ஊரில் இன்னும் ஓடும் சன்னி, கொரோலா, லான்சர், மாருதி எல்லாவற்றுக்கும் எஞ்சின் வேலை செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ரிங் மாற்றலாம், ஹெட் இறக்கி வால்வு தேய்க்கலாம், பழுதானால் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த எஞ்சினைக் கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எடுத்து ஏற்றலாம். புகைப் பரிசோதனையில் விழுந்துவிட்டது என்பதற்காகக் காரை விற்பது அவசரம். பழைய கார்புரேற்றர் கார்களில் எயர் ஃபில்டர், பிளக், கார்புரேற்றர் கலவை மூன்றையும் சரிசெய்தாலே பெரும்பாலும் தேறிவிடும். மீற்றரில் உள்ள கிலோமீற்றரும் அவ்வளவு முக்கியமில்லை. இந்த ஊரில் காரைத் தின்பது உப்பும், ஓடாமல் நிற்பதுந்தான்.

நகரம் கடலுக்கும் உட்துறைமுகத்துக்கும் நடுவில் நீண்டு கிடக்கிறது. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் உப்பு வரும். வாடைக்காற்றும் மழையும் சேர்ந்த கார்த்திகை, மார்கழியில் உப்பு ஈரமாகப் படிகிறது. பிறகு தென்மேற்கிலிருந்து காய்ந்த காற்று வீசும் கச்சான் மாதங்களில் அது காய்ந்து, ரப்பரும் வெடிக்கிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடு என்றால் இன்னும் மோசம். கறள் வெளியில் தெரியும் இடத்தில் தொடங்காது. பெயின்ற் மினுங்கும் காரின் அடித்தளம் கையோடு வரும்.

அடுத்தமுறை வரும்போது நீங்களே பார்க்கலாம். வரமுடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு பார்க்கச் சொல்லி, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முன் ஆசனத்தடியில் கார்பெற்றைக் கிளப்பி, ஸ்க்ரூ ட்ரைவரின் பிடியால் தகட்டைத் தட்டவேண்டும். நல்ல தகடு கணீரென்று கேட்கும், உளுத்தது பொத்தென்று கேட்கும். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிச் சட்டத்தில் சிறு காந்தம் ஒன்றை வைத்து இழுத்துக்கொண்டு போங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை மூடப் பூசிய பட்டிப் பசைதான் இருக்கிறது. பொனற்றைத் திறந்து, முன் ஷொக் அப்சோபரின் மேல்முனை பொருந்தும் வட்டத்தைப் பாருங்கள். அதைச் சுற்றிப் பெயின்ற் கொப்பளித்திருந்தால் கவனம். டிக்கியில் ஸ்பெயார் சில்லைத் தூக்கி அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, பின் சில்லுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டம் உடம்போடு பூட்டப்பட்டிருக்கும் இடம். ஷொக் வட்டமும் இந்தக் குறுக்குச் சட்டம் பிடிக்கும் இடமும் உளுத்திருந்தால், எங்கள் அபிப்பிராயத்தில் அந்தக் காருக்குக் காசு செலவழிக்கக்கூடாது. எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. சில்லுகளின் பாரமும் அதிர்வும் உடம்பில் ஏறுவது அந்த இடங்களில்.

தரையும் கதவடிச் சட்டமும் மட்டுந்தான் என்றால் காப்பாற்றலாம். உளுத்த பகுதியை நல்ல தகடு தெரியும்வரை வெட்டி எடுத்து, 1 மில்லிமீற்றருக்குக் குறையாத புதுத் தகட்டை வெல்ட் பண்ணி, கறள் தடுப்புப் பிரைமர் அடித்து, மூட்டுகளில் சீலர் பூசி, அதன் பிறகே மேல்பூச்சு. கறளின் மேலேயே கறுப்புத் தார்ப்பூச்சை அடித்துவிடும் பழக்கம் எங்கள் தொழிலிலும் உண்டு. அதைச் செய்ய விடாதீர்கள். பூச்சுக்குள் ஈரம் அடைபட்டு, முன்பைவிட வேகமாகத் தின்னும். பழைய எஞ்சின் ஒயிலை அடியில் விசிறுவதும் அப்படித்தான். அது புஷ் ரப்பர்களை ஊதவைக்கும், பிறேக்கிலும் படும்.

தடுப்பு வேலை மலிவு. மாதம் இருமுறை, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, காரின் அடிப்பக்கத்துக்கும் மட்கார்ட்டுகளின் உள்பக்கத்துக்கும் நல்ல தண்ணீர் பீச்சவேண்டும். கடலோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். குழாய்த் தண்ணீர்தான் உதவும். ஒவ்வொரு கதவின் அடியிலும் தண்ணீர் வடியும் துளைகள் உண்டு. மண் அடைத்தால் கதவு உள்ளிருந்தே உளுக்கும். ஒரு கம்பியால் குத்திவிட்டால் போதும். பிளாஸ்ரிக் உறை போட்டு மூடவேண்டாம். ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். மேலே கூரை, நாலு பக்கமும் காற்று, அதுவே சிறந்த நிறுத்துமிடம்.

இனி, நிற்பது. பென்ஷன் எடுத்தபின் அப்பாவின் ஓட்டம் மீன் சந்தைக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சுருங்கிவிடுகிறது. ஒரு தடவைக்கு இரண்டு, மூன்று கிலோமீற்றர். எஞ்சின் சூடாகுமுன் நின்றுவிடும். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி வெளியேறாமல் ஒயிலோடு கலந்து களியாகிறது, சைலன்சர் உள்ளிருந்து கறள் பிடிக்கிறது, பற்றரி ஸ்ராட்டுக்குக் கொடுத்ததைத் திரும்பப் பெறுவதில்லை. காலையில் வாசலில் ஐந்து நிமிடம் ஸ்ராட் பண்ணி வைப்பது இதற்கு மருந்தல்ல. அதே கெடுதியின் இன்னொரு வடிவம். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓடவேண்டும். கன்னியா வெந்நீரூற்றுப் பக்கம் போய்த் திரும்பினால் சரி. அந்த ஓட்டத்தில் பத்து நிமிடம் ஏ.சி. போடச் சொல்லுங்கள். கம்பிரசரின் சீலுக்கு ஒயில் போவது ஏ.சி. ஓடினால் மட்டுமே. ஓடாமல் கிடந்தால் சீல் காய்ந்து காஸ் கசியும்.

எஞ்சின் ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை என்று காத்திருக்கவேண்டாம். இந்த ஓட்டத்துக்கு ஆறு மாதம்தான் கணக்கு. 1,000 கிலோமீற்றர்தான் ஓடியது என்றாலும் மாற்றவேண்டும், ஃபில்டரும் சேர்த்து. இந்தச் சிறிய கார்களுக்கு மூன்று முதல் நாலு லீற்றர் வரை பிடிக்கும். அது பெரிய செலவில்லை.

பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடலோரத்தில் சொல்லத் தேவையில்லை. போத்தலில் அது தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டால் உள்ளே சிலிண்டர்கள் அரிக்கத் தொடங்கியிருக்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதையும் வெளியேற்றி, மூடியில் எழுதியிருக்கும் வகையையே, டொட் 3 அல்லது டொட் 4, புதிதாக உடைத்த போத்தலிலிருந்து விடவேண்டும். பாதி மிஞ்சிய பழைய போத்தல் வேண்டாம். பின் சில்லு சிலிண்டர் கசிந்து ட்ரம்முக்குள் ஒயில் போவதும், முன் பிறேக் கலிப்பரின் வழுக்கும் ஊசி இறுகி ஒரு பக்கம் மட்டும் பிடிப்பதும் நின்ற கார்களின் வழக்கமான நோய். ஒரு வாரத்துக்கு மேல் ஓடாது என்றால் ஹான்ட் பிறேக்கை இழுத்து வைக்காமல், கியரில் போட்டு, சில்லுக்கு மரக்கட்டை கொடுத்து நிறுத்துவது நல்லது. இல்லாவிட்டால் பிறேக் ஷூ ட்ரம்மோடு ஒட்டிவிடும்.

ரயரின் பூவை, அதாவது ரோட்டில் படும் வெட்டுகளை, பார்த்து ஏமாறவேண்டாம். ஓடாத காரில் பூ அப்படியே இருக்கும், ரப்பர் செத்திருக்கும். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் உண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஆறு வருடம் தாண்டினால் வெடிப்பு இருக்கிறதா என்று வருடாவருடம் பாருங்கள். பத்து வருடம் என்றால் பூ புதிதாக இருந்தாலும் கழற்றுங்கள். கந்தளாய்ப் பக்கம் வெயில் ரோட்டில் 80இல் போகும்போது வெடிப்பது அந்த ரயர்தான்.

பற்றரியைக் காலையில் ஸ்ராட் பண்ணுமுன் அளந்தால் 12.6 வோல்ற் இருக்கவேண்டும், 12.2க்குக் கீழே போனால் சார்ஜ் குறைவு. எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் வந்தால் ஒல்ரனேற்றர் நலம். அளக்காமல் பற்றரி மாற்றுவது காசுக் கேடு.

ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். உப்பும் சுண்ணாம்பும் குழாய்களை அடைத்து, அலுமினிய ஹெட்டை அரிக்கும். கூலன்ற் பாதி, காய்ச்சி வடித்த தண்ணீர் பாதி. "நமது சூட்டுக்குத் தேவையில்லை" என்று, எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறியும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அது இல்லாவிட்டால், சிறிய ஓட்டத்தில் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. ஒயில் களியாவது இன்னும் கூடும். சூடு ஏறினால் பார்க்கவேண்டியது ஃபான், ரேடியேற்றர் மூடியின் ரப்பர், வோட்டர் பம்ப். கொரோலா 110, லான்சர் போன்றவற்றில் டைமிங் பெல்ற் உண்டு. ஓடாவிட்டாலும் ரப்பர் முதுமையடையும். ஏழெட்டு வருடத்தில் பெல்ற், ரென்ஷனர், வோட்டர் பம்ப் மூன்றையும் ஒரே வேலையாக மாற்றுங்கள். சன்னி எஃப்.பி. 14, 15 இரண்டிலும் செயின். அந்தச் செலவு இல்லை.

உதிரிப்பாகம் பற்றி ஒன்று. லண்டனில் வாங்கி அனுப்பும் பாகம் பலமுறை பொருந்துவதில்லை. இங்குள்ளவை பெரும்பாலும் ஜப்பான் உள்நாட்டு மொடல்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் பாகம் வேறு. பொனற்றுக்குள் இருக்கும் தகட்டில் உள்ள மொடல் இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு அதை வைத்துத் தேடுங்கள். கதவு, கண்ணாடி, லைற், கியர்பொக்ஸ் பாவித்ததாக வாங்கலாம். போல் ஜொயின்ற், ஸ்ரியரிங் முனைகள், பிறேக் ஹோஸ், பெல்ற், ரயர் ஒருபோதும் பாவித்ததாக வாங்கக்கூடாது.

இதுவரை சொன்னது கார். இனிச் சொல்லப்போவதை நாங்கள் பல வீடுகளில் நேரே சொல்லத் தயங்குகிறோம். அப்பாவுக்கு வயதாவதை வீட்டாருக்கு முன்பே கார் காட்டிவிடும்.

கிளச் பிளேற் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எரிந்துவிட்டதென்றால், இடது முழங்கால் வலிக்கிறது. அவர் பெடலை முழுதாக விடாமல் பாதியில் வைத்து ஓட்டுகிறார். பின் பம்பரில் புதுக் கீறல்கள் என்றால் கழுத்து திரும்பவில்லை. இடது முன் ரயரின் பக்கச்சுவர் உரசி உரசி வெளுத்திருந்தால் இடது ஓரம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. "லைற் வெளிச்சம் காணாது, பல்ப் மாத்துங்கோ" என்று இரண்டாம் முறையும் கேட்கிறார், பல்ப் நன்றாகத்தான் எரிகிறது என்றால், போகவேண்டிய இடம் கண் கிளினிக், கற்றராக்ட் இருக்கலாம். (முதலில் லைற் கண்ணாடி மஞ்சளாகிவிட்டதா என்று பாருங்கள். பிளாஸ்ரிக் என்றால் தேய்த்து மினுக்கினால் வெளிச்சம் திரும்பும். அந்த லைற்றுகளுக்குள் எல்.ஈ.டி. பல்ப் போட்டால் எதிரே வருபவரின் கண்தான் கூசும்.)

நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறையலாம். அப்படிக் குறைந்தால், பிறேக்கில் கால் இருக்கிறதா, எக்சிலறேற்றரிலா என்று கால் சொல்லாது. இது மிக ஆபத்தானது, வெளியே தெரியாதது. ஓட்டும்போது வழுக்கும் ரப்பர் செருப்பு வேண்டாம். பின்னால் பட்டி உள்ள, மெல்லிய அடியுள்ள காலணி வேண்டும். சளி, அலர்ஜி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் மறுநாள் காலையிலும் மந்தமாக்கலாம். கிளினிக்கில் மருந்து எழுதும்போது "கார் ஓட்டுறனான்" என்று டொக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

கார் நல்லது, கால்தான் பிரச்சினை என்றால் சில சிறிய வேலைகள் அதிகம் உதவும். கேபிள் கிளச் உள்ள காரில் பழைய கேபிளை மாற்றினால் பெடல் இலகுவாகும். ரயரில் காற்றுக் குறைந்தால் ஸ்ரியரிங் கனக்கும். கதவு ஓரத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 30 முதல் 32 பி.எஸ்.ஐ. வரை, இரு வாரத்துக்கு ஒருமுறை அடிக்கவேண்டும். உள்ளே அகலக் கண்ணாடி, பின்னால் கமரா பொருத்துவது ஒரு மணி நேர வேலை. ஆசனத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு இறுக்கமான மெத்தை போட்டால் ஏறி இறங்குவது சுகம். மெதுவான பஞ்சு வேண்டாம், அதில் இடுப்பு புதையும். இருட்டியபின் ஓடுவதில்லை என்று அவரே முடிவெடுக்க உதவுங்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் யானை நிற்கும்; இளம் கண்ணுக்கே கடைசி நேரத்தில்தான் தெரியும். கொழும்புக்கு 260 கிலோமீற்றர் போவதென்றால் சாரதி ஒருவரை அமர்த்துங்கள்.

இவ்வளவும் பார்த்தபின் மாற்றத்தான் வேண்டும் என்றால், எதை வாங்குவது? ஹைபிரிட் நல்ல கார். ஆனால் ஓடும் வீட்டுக்கு. 2021க்கு முந்திய டொயோட்டா அக்குவாவின் பெரிய பற்றரி 20 துண்டுகள் சேர்ந்த 144 வோல்ற் பொதி. ஒரு துண்டு தளர்ந்தால் முழுப் பொதிக்கும் எச்சரிக்கை லைற் எரியும். வெக்கையும் நீண்ட நாள் நிற்பதும் அதற்கு ஆகாது. வாரத்துக்கு மூன்று முறை சந்தைக்குப் போகும் அப்பாவிடம் பெற்றோலில் மிச்சம்பிடிப்பது அந்தப் பற்றரியின் விலைக்கு ஒருபோதும் வராது. அதைவிட, அந்தக் கார் நின்றால் எஞ்சின் சத்தமே இருக்காது. ஓஃப் பண்ணிவிட்டோம் என்று நினைத்து இறங்கிப் போய்விடுவார்கள். ஏற்கெனவே ஹைபிரிட் நிற்கும் வீடென்றால், பின் ஆசனப் பக்கத்தில் உள்ள பற்றரிக் காற்று வழியைத் துணி, பை வைத்து மூடாமல், தூசியை உறிஞ்சி எடுத்து வைக்கவேண்டும்.

எங்கள் தெரிவு: ஹைபிரிட் இல்லாத, ஓட்டோ கியர் உள்ள, உயரமாக உட்காரும் சிறிய கார். விற்ஸ் 1,000 சி.சி., டைமிங் செயின், பாகம் எங்கும் கிடைக்கும். வகன்-ஆர் ஏறி இறங்க இன்னும் சுகம். மைல்ட் ஹைபிரிட் இல்லாத மொடலாகப் பாருங்கள். தாழ்ந்த சலூன் கார், எவ்வளவு அழகானதென்றாலும், முழங்கால் நோவுள்ளவருக்கு வேண்டாம். வாங்குமுன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய், கதவைப் பிடிக்காமல் பின்புறமாக உட்காரச் சொல்லுங்கள். கீழே விழுவதுபோலப் போகாமல், மேலே ஏறவும் வேண்டாமல், இருந்த இடத்திலிருந்து கால் இரண்டையும் உள்ளே இழுக்க முடிகிறதா? அந்தச் சோதனையில் அம்மாவையும் உட்காரவையுங்கள். பெரும்பாலும் அம்மாவின் முழங்கால்தான் முதலில் மறுக்கும்.

பாவித்த கார் என்றால் சீற் பெல்ற்றைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். அதன் வேர்ப்பகுதியில் மண் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற கார். ஆசனத்தைத் தரையோடு பூட்டும் நட்டுகளில் கறள், லைற்றுக்குள் நீர்ப்படலம் எல்லாம் அதே செய்தி. சி.வி.ரி. எனும், பெல்ற்றில் ஓடும் ஓட்டோ கியர் என்றால் அதற்கென்று உள்ள ஒயில் மட்டுமே. சாதாரண கியர் ஒயில் விட்டால் கியர்பொக்ஸ் போய்விடும்.

மனுவல் கியரில் நாற்பது வருடம் ஓட்டியவரை ஓட்டோ கியருக்கு மாற்றுவதென்றால் 70க்கு முன் மாற்றுங்கள். 78இல் மாற்றினால் இடது கால் கிளச்சைத் தேடி பிறேக்கை மிதிக்கும். வலது கால் தடுமாறும். முதல் இரண்டு வாரம் இடது காலை ஆசனத்தோடு ஒட்டிப் பின்னால் வைத்துக்கொண்டு, ஞாயிறு காலையில் வெறுமையான மைதானத்தில் நிறுத்தவும் பின்னெடுக்கவும் பழகவேண்டும். பக்கத்தில் மகனோ மகளோ இருந்தால் அவர்கள் கத்தாமல் இருக்கவேண்டும்.

ஓட்டவே கூடாது என்ற கட்டம் வந்துவிட்டால், திறப்பைப் பறித்து ஒளிக்காதீர்கள். தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரை மாதக் கணக்குக்குப் பேசி, கிளினிக் நாள், கோயில் நாள், சந்தை நாள் என்று நேரம் குறித்துக் கொடுங்கள். முதல் மாதக் காசை நீங்களே கொடுத்துவிடுங்கள். போக்குவரத்து நிற்கவில்லை என்று தெரிந்தால் அவரே திறப்பைத் தருவார்.

கடைசியாக, பதிவுப் புத்தகம். பல கார்கள் காலமான அப்பாவின் பெயரில், அல்லது பத்து வருடத்துக்கு முன் விற்றவரின் பெயரில், கையெழுத்து வைத்த வெற்றுப் படிவங்களோடு நிற்கின்றன. விபத்து நடந்தால் இன்சூரன்சும் பொலிசும் தேடுவது புத்தகத்தில் உள்ள பெயரை. அப்பா இருக்கும்போதே பெயரைச் சரிசெய்யுங்கள். இறந்தபின் என்றால் இறப்புச் சான்றிதழும் உரித்தாளர் பத்திரங்களும் எல்லாப் பிள்ளைகளின் சம்மதமும் என்று நீண்டுபோகும். அதற்குள் கார் வாசலிலேயே உளுத்துவிடும். விற்றால், வாங்கியவர் மாற்றிக்கொள்வார் என்று விடாமல், விற்ற அன்றே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, அறிவித்ததற்கான பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வரிப் பத்திரமும் புகைச் சான்றிதழும் இன்சூரன்சும் முடியும் திகதிகளை உங்கள் தொலைபேசியில் குறித்து வையுங்கள். அப்பாவுக்கு ஒரு கிழமைக்கு முன் எடுத்துச் சொல்ல அது போதும்.

இப்படிக்கு,
திருகோணமலையில் கார் திருத்தும் சிலர்